காசு கொடுத்து ஏறும் மலை

உங்கள் செல்போன் நேற்று எத்தனை ஸ்டெப்ஸ் காட்டியது? நாலாயிரத்துச் சொச்சமா? உடனே மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு வந்திருக்குமே! ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே கையை வீசி வீசி நடந்து, கணக்கு பத்தாயிரத்தைத் தொட்ட பிறகே படுக்கப் போகிறவர் இப்போது வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? எந்த டாக்டரும் பரிசோதித்துச் சொன்ன எண் அல்ல. 1965-ல் ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொள்கிற ஒரு நடை எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். முந்தின வருடம்தான் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்து, ஊரே உடற்பயிற்சி ஆசையில் இருந்த நேரம். சரக்கு விற்க வைத்த பெயர், அரை நூற்றாண்டில் மருத்துவ விதி மாதிரி ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஸ்டெப் கணக்கே கிடையாது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் உழைப்பு. அவ்வளவுதான்.

நடப்பது கெடுதல் என்று சொல்ல வரவில்லை. தாராளமாக நடங்கள். என்னுடைய சண்டை நடையோடு இல்லை. நடையைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிற அந்தப் பேச்சோடுதான். பத்திரிகைகளின் இணைப்பு இதழ்களில், டி.வி. காலை நிகழ்ச்சிகளில், செல்போனில் வந்து விழுகிற ஒரு நிமிட வீடியோக்களில் ஓயாமல் கேட்கிற உத்வேகப் பேச்சு. அதன் வசனங்கள் உங்களுக்கு மனப்பாடம். எல்லை என்பது மனசில்தான் இருக்கிறது. உடம்பு ஓய்வு கேட்டால் கொடுக்காதே. முடியாது என்ற சொல்லை அகராதியிலிருந்து எடு. கூடவே ஒரு படம் கட்டாயம் இருக்கும். மலை உச்சி, சூரிய உதயம், இரண்டு கையையும் விரித்தபடி முதுகு காட்டி நிற்கும் ஒருவர்.

அந்த மலை எது, அங்கே யார் இருக்கிறார்கள், எந்த மாதத்தில் அங்கே போகலாம்... இதெல்லாம் அந்தப் படத்தில் இருக்காது. வெறும் மலை. பின்னணித் திரை மாதிரி.

நான் சொல்கிற மலைக்குப் பெயர் இருக்கிறது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே நிற்கிற ஏலமலை. போடியில் பஸ் ஸ்டாண்டில் நின்று நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். போடிமெட்டு வழியாக 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கேரளம். இன்னொரு பக்கம் கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போனால் குரங்கணி. அங்கிருந்து கால்நடையாக ஏறினால் ஒரு வழி டாப் ஸ்டேஷனுக்கு, இன்னொரு வழி கொழுக்குமலைக்கு. கொழுக்குமலை எட்டாயிரம் அடியைத் தொடுகிற உயரம். இடம் தமிழ்நாடு. ஆனால் ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்தில் சூரியநெல்லிக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும்.

டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று காட்டுக்குள் பெயர்கள் இருக்கிறதே, ரயிலே இல்லையே என்று புதிதாகப் போகிறவர்கள் முழிப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலையைக் கீழே இறக்க ரோப்வே போட்டிருந்தார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் சின்ன ரயில், அங்கிருந்து கம்பியில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் குரங்கணிப் பக்கம் இறங்கி, பிறகு வண்டி கட்டிப் போடிக்கு. 1924 பெருவெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. தேயிலைப் பெட்டி சொகுசாக இறங்கிய அந்த மலையில், மனிதர்கள் அன்றும் இன்றும் நடந்துதான் ஏறுகிறார்கள்.

இந்த மலையில் 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னையிலிருந்து ஒரு குழு. ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. முந்தின நாள் சனிக்கிழமை ஏறிக் கொழுக்குமலைக்குப் போனவர்கள், ஞாயிறு இறங்கிக்கொண்டிருக்கும்போது காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். சென்னைக் குழுவில் பெரும்பாலும் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டி வந்த மலையேற்றம் என்று செய்திகள் சொன்னன. முதலில் 9 பேர் இறந்தார்கள். பிறகு தேனி, மதுரை, சென்னை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஒவ்வொருவராகப் போய், கணக்கு 23-ல் வந்து நின்றது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். எல்லாம் இளவயசு.

அப்போது நடந்த விவாதங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் இரண்டு கட்சிதான் தெரிகிறது. ஒன்று, அனுமதி வாங்கினார்களா, எந்த வழிக்கு வாங்கினார்கள், சீட்டு கொடுத்தது யார் என்ற சண்டை. இன்னொன்று அதைவிட மோசம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த வேலை, வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று பேசியவர்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வதே அந்தப் பெண்களுக்கு அவமரியாதை. வாரம் ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த உடம்பு ஒரு நாள் மலை ஏற ஆசைப்பட்டதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை.

ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. அதை யாரும் உரக்கக் கேட்கவில்லை. மார்ச் மாதத்தில், புல்லெல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்கிற நேரத்தில், கிழக்குச் சரிவில் ஏறுவது ஆபத்து என்ற சாதாரணத் தகவல் அவர்கள் காதுக்கு ஏன் போகவில்லை? குரங்கணியில் ஆடு மேய்க்கிற ஒருவருக்குத் தெரிந்த விஷயம், இத்தனை படித்தவர்களுக்கு வந்து சேராமல் போனது எப்படி?

தீ எப்படி மலை ஏறும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சமவெளியில் தீ முன்னால் நகரும். சரிவிலோ அதன் ஜுவாலை மேலே இருக்கிற புல்லை நோக்கிச் சாய்ந்து, தொடுவதற்கு முன்பே அதைக் காய வைத்துவிடும். சூடான காற்றும் மேல்நோக்கித்தான் போகும். சரிவு 10 டிகிரி கூடக் கூடத் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீயோடு போராடுகிறவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. அதாவது 20 டிகிரி சரிவில் நாலு மடங்கு. மேலே ஓடுகிறவர் எவ்வளவு ஃபிட்டாக இருந்தாலும் தீயை ஜெயிக்க முடியாது. மாரத்தான் ஓடினவராக இருந்தாலும் இதே கதிதான். அங்கே உயிர் காப்பது கால் பலம் இல்லை. புல் இல்லாத பாறை எங்கே, ஓடை எங்கே, ஏற்கெனவே எரிந்து முடிந்த கரி நிலம் எங்கே என்ற அறிவு.

எல்லை மனசில்தான் இருக்கிறது என்கிற பேச்சு தோற்கிற இடம் இதுதான். எல்லை மனசிலும் இருக்கலாம், சார். ஆனால் மலையிலும் இருக்கிறது. காற்றில் இருக்கிறது. மாதத்தில் இருக்கிறது. உத்வேகப் பேச்சு உடம்பை மட்டும் பார்க்கிறது. பயத்தை எதிரி என்று சொல்லிக்கொடுக்கிறது. மலைக்காரர்களுக்குப் பயம் என்பது அறிவின் இன்னொரு பெயர். தூரத்தில் புகையைப் பார்த்ததும் திரும்பி நடக்கிறவனுக்கு மனவலிமை குறைவு என்று அவர்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு முதலில் ஓடிப்போனவர்கள் யார்? ஹெலிகாப்டர் பிறகுதான் வந்தது. குரங்கணி ஊர்க்காரர்களும் மலைக்கிராமத்து ஜனங்களும்தான் முதலில் ஏறினார்கள். கிடைத்த போர்வையில், துணியில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டோலி கட்ட அவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த மலைக்கிராமங்களில் பிரசவ வலி வந்தாலும், பாம்பு கடித்தாலும் அப்படித்தான் இறக்குகிறார்கள். தேர்தல் வந்தால் ஓட்டு மெஷினே குதிரை முதுகில் ஏறிப்போகிற பகுதி அது.

இனி நான் சொல்ல வந்த இன்னொரு கூட்டத்துக்கு வருகிறேன்.

காசு கொடுத்து மலை ஏறுகிறவர்கள் சனி, ஞாயிறு வருகிறார்கள். காசுக்காக மலை ஏறுகிறவர்கள் தினமும் போகிறார்கள். போடி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், அந்தப் பக்கம் கம்பம், கூடலூர் வரைக்கும், விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் நிரம்பும். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற ஜனம். பெரும்பாலும் பெண்கள். எத்தனை பேர் உட்காரலாம் என்று ஜீப்பில் எழுதியிருப்பதை அந்த நேரத்தில் யாரும் படிப்பதில்லை.

ஏலக்காய் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? தென்னை மாதிரி மேலே காய்க்காது. செடி ஆள் உயரத்துக்கு மேலே போகும். ஆனால் காய் வருவது அடியில். தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும். அதில் பக்குவமான காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சை விட்டுவைக்க வேண்டும். அதனால் நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்தோ, இடுப்பை மடித்துக் குனிந்தோதான் வேலை. சரிவான நிலம், ஈரம், மழைக்காலத்தில் அட்டை. அடுத்த தூர், அடுத்த தூர் என்று நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எடுத்த பச்சைக் காய் ஸ்டோரில் உலர்ந்தால், ஏறக்குறைய ஐந்து கிலோ ஒரு கிலோ ஆகும். அது கீழே வந்து, போடி கோடவுன்களில் மறுபடி பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்து, ஏலத்துக்குப் போகும். உருட்டுக் காய்க்கு ஒரு விலை, பொடிக் காய்க்கு ஒரு விலை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போய் எல்லோரும் வாயைப் பிளந்தோம். காய் எடுத்தவரின் கூலி அப்படி வாயைப் பிளக்க வைத்ததாக எந்தச் செய்தியும் வரவில்லை.

இப்போது உத்வேகப் பக்கத்தைத் திறங்கள். உட்கார்ந்து எழுந்திருங்கள், ஸ்குவாட் ரொம்ப நல்லது. வெறும் வயிற்றில் ஏலக்காய்த் தண்ணீர், இளைத்துவிடலாம். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள். காட்டுக்குள் நடங்கள், மன அழுத்தம் போகும்.

போடிப் பெண் ஒரு நாளைக்கு எத்தனை ஸ்குவாட்? காட்டுக்குள்தான் எட்டு மணி நேரம் இருக்கிறார். ஏலக்காயோ, கை நிறைய மணக்கிறது. அந்தக் கணக்குப்படி அவர்தான் தமிழ்நாட்டிலேயே அதிக ஆரோக்கியமானவராக இருக்க வேண்டும். ஏன் இடுப்பு வலியும் மூட்டு வலியுமாகத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறார்?

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். உடல் உழைப்பின் முரண்பாடு. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் முதலானவர்கள் இதைப் பற்றிப் பத்து வருடத்துக்கும் மேலாக எழுதிவருகிறார்கள். ஓய்வு நேரத்தில் நாமாக விரும்பிச் செய்கிற உடற்பயிற்சி இதயத்துக்குத் தருகிற நன்மையை, பிழைப்புக்காகச் செய்கிற கடும் உழைப்பு தருவதில்லை. சில ஆய்வுகளில் கெடுதல்கூடத் தெரிகிறது. ஆண்களிடம் இது தெளிவாகத் தெரிகிறது, பெண்கள் விஷயத்தில் இன்னும் விவாதம் இருக்கிறது. அவர்கள் சொல்கிற காரணம் எளிமையானது. பயிற்சி என்பது அரை மணி, ஒரு மணி நேரம். இதயம் வேகமாக ஓடிவிட்டு ஓய்வெடுக்கிறது. உழைப்போ மணிக்கணக்கில் ஒரே மாதிரி, பளு தூக்கியபடி அல்லது குனிந்தபடி. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நாள் முழுக்க ஏறியே நிற்கும். மறுநாளும் அதேதான். நிறுத்த நினைத்தால் நிறுத்த முடியாது.

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் அடிக்கோடு போடுவேன். நிறுத்த முடிகிறவனுக்கு அது பயிற்சி. முடியாதவளுக்கு அது வேலை.

மூன்று லிட்டர் தண்ணீருக்கு வருவோம். தோட்டத்தில், வயலில் வேலை பார்க்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது நாடு முழுக்கத் தெரிந்த சங்கதி. ஒதுங்க இடம் கிடையாது, அதனால். இவரிடம் போய் நீர்ச்சத்தின் மகிமையைச் சொல்லி என்ன பிரயோஜனம்? கழிப்பறை கட்டச் சொல்லித் தோட்ட முதலாளியிடம் சொல்லுங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே குடிதண்ணீரும் கழிப்பறையும் முதலாளியின் பொறுப்பு என்று எழுதிவைத்துவிட்டது. எந்த வெல்னெஸ் பக்கத்திலாவது இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி பார்த்திருக்கிறீர்களா?

ஏலக்காய்த் தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. ஏலக்காயில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009-ல் உதய்ப்பூரில் ஒரு ஆய்வு. ரத்த அழுத்தம் உள்ள 20 பேருக்குத் தினமும் 3 கிராம் ஏலப்பொடி, 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். இருபதே பேர்! அதற்கப்புறம் வந்த ஆய்வுகளிலும் பலன் இருந்தால் கொஞ்சம்தான். 3 கிராம் என்றால் பதினைந்து, இருபது காய். பாயசத்துக்கு இரண்டு காய் தட்டிப் போடும்போதே விலையை நினைக்கிற வீடு நம்முடையது. ஒரு காயைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தொப்பை கரையும் என்று காத்திருந்தால், கரைவது ஏலக்காய் மட்டும்தான்.

இன்னொன்றும் உண்டு. ஏலம், பூச்சிமருந்து அதிகம் அடிக்கப்படுகிற பயிர்களில் ஒன்று. இலைப்பேன் காயைச் சொறியாக்கும், தண்டுத் துளைப்பான் செடியைச் சாய்க்கும், அதற்காக அடிப்பார்கள். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் மருந்து எச்சம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று சொல்லிக் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. லட்சக்கணக்கான டின்கள் அப்படியே தங்கின. 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அது வேறு கதை. அன்று நாடே சாப்பிடுகிறவரின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டது, நியாயம்தான். அந்த மருந்தைத் தெளித்தவரின் நுரையீரல் பற்றியும், தெளித்த தோட்டத்தில் மறுநாள் கையுறை இல்லாமல் சரத்தைப் பிடித்த பெண்ணின் கை பற்றியும் பேச்சு வந்ததா? நமக்கு ஆர்கானிக் வேண்டும் என்று கேட்கும்போது நம் உடம்புக்காக மட்டும்தான் கேட்கிறோம்.

சாப்பாட்டில் இன்னும் விசித்திரம். மத்திய அரசின் தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21 கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேருக்கு அளவுக்கு மேல் எடை. இரண்டும் ஒரே மாநிலம். பல நேரம் ஒரே தெரு. ஏன், ஒரே உடம்பாகவும் இருக்கலாம். எடை கூடியும் ரத்தம் குறைந்தும் இருக்கலாம், வயிறு நிறைய அரிசி மட்டும் இருந்தால். உத்வேகப் பக்கங்கள் இதில் இரண்டாவது எண்ணை மட்டும்தான் படித்திருக்கின்றன. குறைப்பது எப்படி, குறைப்பது எப்படி என்றுதான் எப்போதும் பேச்சு. இரும்புச்சத்தைக் கூட்டுவது எப்படி என்று எழுதினால் கவர்ச்சி இல்லை போலும். முருங்கைக்கீரைக்கு மலை உச்சிப் படம் போட முடியாதே!

கேப்பையின் கதையும் இதுதான். போடிச் சீமையில் கேப்பைக் களியும் கம்பங்கூழும் ஒரு தலைமுறைக்கு முன்னால் கஷ்டப்பட்ட வீட்டுச் சாப்பாடு. மலையில் முதுவர்கள் காட்டைத் திருத்திக் கேப்பை விதைத்தார்கள். ரேஷன் அரிசி வந்தது, பசி போனது, கேப்பையும் போனது. பசி போனதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சூப்பர் மார்க்கெட்டில் பளபளக் காகிதத்தில் 'ராகி குக்கீஸ்' வந்துவிட்டது. சர்க்கரையும் மைதாவும் எத்தனை சதவிகிதம் என்று பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

சரி, உடற்பயிற்சி வேண்டாமா, மலை ஏற வேண்டாமா என்று கேட்பீர்கள். ஏறுங்கள். குரங்கணிக்குப் பிறகு அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை வைத்தது. 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகிற பாதையும் அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு, சுலபம், நடுத்தரம், கடினம் என்று தரப்பிரிவு, தீ பிடிக்கிற காலத்தில் மூடிவிடுவது, கூடவே மலைவாழ் மக்களிலிருந்து பயிற்சி கொடுத்த வழிகாட்டிகள். 23 உயிர் போன பிறகு வந்த புத்தி என்றாலும் நல்ல புத்தி. குறிப்பாக அந்த வழிகாட்டி ஏற்பாடு. மலையைப் பற்றித் தெரிந்தவருக்கு முதல் தடவையாகச் சம்பளமும் அதிகாரமும். அவர் திரும்பு என்றால் திரும்ப வேண்டும்.

ஆனால் அந்த அறிவிப்புகளின் விளம்பரப் படத்தைப் பார்த்தேன். அதே மலை உச்சி, அதே விரித்த கைகள்தான்.

போகிறவர்கள் ஒன்று செய்யலாம். வழிகாட்டியிடம் வியூ பாயின்ட் எங்கே என்று கேட்பதோடு நிறுத்தாமல், போன கோடையில் எந்தப் பக்கம் எரிந்தது, தண்ணீர் எங்கே, உங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீர்கள் என்றும் கேளுங்கள். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். உங்கள் கைக்கடிகாரம் நாடித்துடிப்பை மட்டும்தான் சொல்லும்.

சென்னையிலிருந்து போடிக்கு 2023 ஜூன் முதல் நேரடி ரயில் இருக்கிறது. மீட்டர் கேஜை அகலப்பாதை ஆக்குகிறோம் என்று சொல்லிப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் மூடிவைத்திருந்த பாதை. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் மலை தெரியும். நீங்கள் இறங்கிக் காபி தேடுகிற நேரத்தில், அந்த ஜீப்புகள் எல்லாம் மேலே போய் வெகு நேரம் ஆகியிருக்கும்.